சாம்பிள் நைனாவின் இருபத்து நாலு கதவுகள்

சோப்போ, ஷாம்போ, பல்பொடியோ, நாய்த் தீனியோ, இந்த தேசத்தில் எந்தக் கம்பெனி எதைப் புதிதாகச் செய்தாலும் நேராகக் கடைக்குப் போய்விட முடியாது. முதலில் காசிமேட்டில் எங்கள் ஹவுசிங் போர்டு குடியிருப்புக்கு வந்து, முதல் மாடி ஏறி, ஏழாம் நம்பர் கதவைத் தட்டி, உத்தரவு வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். உத்தரவு கொடுப்பவர் சாம்பிள் நைனா. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். இருபது வருஷமாக எதிர்க்கதவில் குடியிருந்த எனக்கே அது தெரியாது. தெரிந்துகொள்ளாமல் விட்டுவிட்டேன், இத்தனை வருஷம் கழித்து உங்கள் பெயர் என்ன என்று எப்படிக் கேட்பது.

சாம்பிள் என்ற பெயர் துறைமுகத்தில் வந்தது. அங்கே அவருக்கு மாதிரி எடுக்கிற வேலை. கப்பலிலிருந்து கோதுமை மூட்டை, சர்க்கரை மூட்டை என்று மலை மலையாக இறங்கும். எல்லாவற்றையும் அவிழ்த்துப் பார்க்க முடியாது. குத்தூசி என்று நடுவில் பள்ளம் வைத்த இரும்பு ஊசி ஒன்று உண்டு. அதை மூட்டையில் குத்தி இழுத்தால் ஒரு கைப்பிடி தானியம் வெளியே வரும். இவர் அதை உள்ளங்கையில் பரப்பி, முகர்ந்து, பல்லில் ஒன்று கடித்து, "ஈரம்" என்பார், "புழு" என்பார், "சரக்கு சுத்தம்" என்பார். அவர் சொன்ன பிறகுதான் லாரி நகரும்.

ஒரு தடவை அவர் ஈரம் என்று சொன்ன கோதுமையைக் காய்ந்தது என்று மாற்றிச் சொல்லச் சொல்லி ஓர் ஏஜெண்டு புதுக் கைக்கடிகாரம் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாராம். நைனா அதை வாங்கிக் காதில் வைத்துக் கேட்டு, "நல்லா ஓடுது. கோதும ஈரம்தான்" என்று திருப்பிக் கொடுத்தாராம்.

அப்படிப்பட்டவர் ரிட்டயர் ஆகி வீட்டில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? மூக்குக்கும் நாக்குக்கும் வேலை இல்லாமல் ஒரு வருஷம் மெலிந்தே போனார். வீட்டுக்காரம்மா முன்பே போய்ச்சேர்ந்துவிட்டார்கள். பெரம்பூரில் கட்டிக்கொடுத்த மகள் ஒரு போன் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். அந்தப் போனில் ஒரு நாள், பெயரும் விலாசமும் கொடுத்தால் ஷாம்பு மாதிரிப் பொட்டலம் இலவசமாகத் தபாலில் வரும் என்று விளம்பரம் வந்தது. ஒற்றை விரலால் முக்கால் மணி நேரம் தட்டி விலாசத்தை அனுப்பினார். எட்டாம் நாள் பொட்டலம் வந்து சேர்ந்தது. துறைமுகமே ஆள் அனுப்பித் திரும்பக் கூப்பிட்டதுபோல் அன்றைக்கு அவர் முகம் இருந்தது.

ஆனால் கம்பெனிக்காரர்கள் ஒரு வீட்டுக்கு ஒரு பொட்டலம்தான் கொடுப்பார்கள். எங்கள் குடியிருப்பில் வீடுகள் இருபத்து நாலு. ஒரே கைப்பிடியை வைத்து முடிவு சொல்வது தப்பு, நாலு மூட்டையிலாவது குத்திப் பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. ஆகவே ஒரு நாள் காலையில் கீழ்வீட்டிலிருந்து மூன்றாம் மாடி வரைக்கும் கதவு கதவாகத் தட்டிப் பெயர், வயது, தலைமுடி எப்படி என்று விசாரித்துக்கொண்டு போனார்.

கீழ்வீட்டு ஆட்டோ தாசுவிடம், "உன் தலமுடி எண்ணெப்பசையா, வறட்சியா?" என்று கேட்டார்.

தாசுவுக்குத் தலையில் முடியே கிடையாது. "நைனா, நேரா பாத்துகினே கேக்கறியா, இல்ல கலாய்க்கிறியா?"

"ஃபாரத்துல கேக்கறான்பா. ரெண்டுல ஒண்ணு சொல்லு."

"போன வருசம் வரிக்கும் வறட்சி."

"அப்ப வறட்சின்னு போட்டுக்கறேன்."

இப்படித்தான் எங்கள் இருபத்து நாலு கதவும் ஊர் உலகத்துக் கம்பெனிகளில் எல்லாம் பதிவாயின. பொட்டலங்கள் வர ஆரம்பித்தன. தபால்காரம்மா மூச்சு வாங்கிக்கொண்டு படியேறி வந்து, "நைனா, போஸ்டாபீஸ பேத்து எடுத்துகினு வந்து உன் வூட்டு வாசல்ல வெச்சிடட்டா? எனுக்கு முட்டி வலி மிச்சம்" என்று கேட்பார். மறுவாரம் அவர் பெயருக்கு முட்டிவலித் தைலம் ஒரு பொட்டலம் வந்தது. அதைத் தனக்குத் தானே டெலிவரி பண்ணிக்கொண்டார்.

நைனாவுக்கு ஒரு சட்டம் உண்டு. யார் பெயருக்கு வந்ததோ அவர்தான் அதை உபயோகிக்க வேண்டும். இவர் அதில் ஒரு சிட்டிகைகூட எடுக்க மாட்டார். ஆனால் உபயோகித்தவர்கள் கருத்துச் சொல்லியே ஆக வேண்டும். "சொம்மா குடுக்கறான்னு நெனைக்காத. உன் நாக்க நம்பி குடுக்கறான். பதில் சொல்லாம தின்னா அது திருட்டு" என்பார். சொல்லும் வரைக்கும் விட மாட்டார்.

முகச் சுருக்கம் போக்கும் களிம்பு என் பெயருக்கு வந்தது. அதற்கு முன்னால் பவுடரைத் தவிர ஒன்றும் பூசியறியாதவள் நான். ஏழு நாள் காலையில் வாசலில் நின்று என் முகத்தைக் கோதுமை பார்க்கிறதுபோலப் பார்த்துவிட்டு, "எடத்த வுட்டு நவுரல" என்று சொல்லிவிட்டுப் போவார். எனக்குச் சிரிப்பு வந்துவிடும். "சிரிக்காத தங்கச்சி, புதுசா ரெண்டு விழுந்துடும், அப்பறம் அவன் மேல பழி" என்பார்.

அவர் பெயருக்கே தலைச்சாயம் ஒன்று வந்தது. மாதிரிப் பொட்டலம் பாதித் தலைக்குத்தான் போதுமானதாக இருந்தது. வலது பக்கம் மட்டும் பூசிக்கொண்டு, புளியந்தோப்பில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டார். வலது பக்கமிருந்து பார்த்தவர்கள் மாப்பிள்ளைக்குத் தோழன் என்றும், இடது பக்கமிருந்து பார்த்தவர்கள் மாப்பிள்ளையின் தாத்தா என்றும் நினைத்துக்கொண்டார்களாம். ஏன் இப்படி வந்தீர்கள் என்று பெண் வீட்டார் கேட்டதற்கு, "இந்தப் பாதி வெள்ளையா இல்லன்னா அந்தப் பாதி எவ்ளோ கறுப்புன்னு எப்டி தெரியும்?" என்று திருப்பிக் கேட்டார். 

கொசுவிரட்டிக் களிம்பு வந்தபோது வலது காலில் மட்டும் தடவிக்கொண்டு, சாயங்காலம் சாக்கடை ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். எழுந்து வந்து, "வலது கால்ல ரெண்டு, இடது கால்ல பதினேழு. களிம்பு சுத்தம்" என்றார். இரண்டாம் மாடி எல்லம்மா மீன் கூடையைத் தலையிலிருந்து இறக்காமலே நின்று கேட்டுவிட்டு, "கொசுவுக்குப் பந்தி போட்டுட்டு எல எண்ணிகினு கீறாரு பாரு" என்றாள்.

நாய்த் தீனி தாசு பெயருக்கு வந்தது. அவன் ஆட்டோவுக்கு அடியில் ஒரு பழுப்பு நாய் தூங்கும்; அதனால் அது தாசு வீட்டு நாய் என்று நைனா பதிந்துவிட்டிருந்தார். நாய்க்கும் சட்டம் அதேதான். அது தின்பதை எதிரில் குந்தி உட்கார்ந்து பார்த்தார். பிறகு என்னிடம் வந்து எழுதச் சொன்னார். "பாதி தின்னுச்சு. மீதிய அஞ்சு நிமிசம் பாத்துச்சு. பொறவு எழுந்து போயி எல்லம்மா போட்ட மீன் தலைய தின்னுச்சு."

எழுதுவது என் வேலை என்றாகிவிட்டிருந்தது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் எழுத்து மணி மணியாக இருக்கும் என்று டீச்சர் சொல்வார்கள். நைனாவின் எழுத்து அவருக்கே புரியாது. மற்றவர்களில் பாதிப் பேருக்கு எழுதத் தெரியாது. தெரிந்தவர்களுக்குப் பேனா பிடிக்கச் சோம்பல். "எட்டாம் நம்பர் அக்காகிட்ட சொல்லிடு" என்று விட்டுவிடுவார்கள். வாசல்படியில் உட்கார்ந்து அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுவேன். எழுதும்போது குனிந்துகொள்ளலாம், யார் முகத்தையும் பார்க்க வேண்டாம் என்பதால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் டீத்தூள் வந்தது.

அது மீன்பிடித் தடைக்காலம். மீன் குஞ்சு பொரிக்கிற அந்த இரண்டு மாதமும் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. படகெல்லாம் துறையில் கட்டிக்கிடக்கும். எங்கள் குடியிருப்பில் பாதி வீடு படகை நம்பித்தான் இருக்கிறது. ஆம்பிளைகள் பகலெல்லாம் படியில் உட்கார்ந்து வலை தைப்பார்கள். அந்த இரண்டு மாதத்தில் சோப்பு, பற்பசை, டீத்தூள் என்று பொட்டலம் கொஞ்சம் கூடுதலாக வந்து சேரும்படி நைனா முன்கூட்டியே பதிந்து வைத்திருப்பார். அதை வெளியே சொல்லிக்கொள்ள மாட்டார். "தடைக்காலத்துல எல்லாம் வூட்ல கீறானுங்க. கருத்து கேக்க சௌரியம்" என்பார்.

ஒரு டீத்தூள் கம்பெனி இருபத்து நாலு கதவுக்கும் பொட்டலம் அனுப்பியது. பழைய காலத்துக் கம்பெனி போலிருக்கிறது. பெயரும் கருத்தும் எழுதித் திருப்பி அனுப்ப ஓர் அட்டையும் உள்ளே இருந்தது. நைனா தன் பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்தார். புருவம் ஏறியது.  "நான் இன்னா நெனைக்கிறேன்னு சொன்னா நீங்களும் அத்தையே சொல்லுவீங்க. மொதல்ல எல்லாரும் குடிங்க" என்றார். நாலு நாளில் இருபத்து மூன்று பேர் சொல்ல, நான் இருபத்து மூன்று அட்டை எழுதினேன். தன் அட்டையிலும் சாம்பிள் நைனா என்றே பெயர் போடச் சொன்னார். இருபத்து நாலு அட்டையும் போயின.

மூன்றாம் வாரம் டீத்தூள் கம்பெனியிலிருந்து அவருக்குப் போன் வந்தது. பேசி முடித்துவிட்டு என் வாசலில் வந்து நின்றார். எப்போதும் கதவைத் தட்டுகிறவர் அன்றைக்குத் தட்டவில்லை.

"என்னிய பொய்யன்னுட்டாங்க தங்கச்சி" என்றார்.

இருபத்து நாலு அட்டையும் ஒரே கையெழுத்து, ஒரே விலாசம், எழுதியிருப்பதெல்லாம் டீத்தூளைப் பற்றிய குறை. போட்டிக் கம்பெனி ஆள் யாரோ ஒரே இடத்தில் உட்கார்ந்து இட்டுக்கட்டி எழுதியிருக்கிறார் என்று அவர்கள் முடிவு கட்டியிருந்தார்கள். நேரில் பார்க்க மறுநாள் ஓர் அதிகாரி வருவாராம். ஏமாற்று என்று தெரிந்தால் அவர் பெயரைப் பொய்யர் பட்டியலில் போட்டு மற்றக் கம்பெனிகளுக்கும் தெரிவித்துவிடுவார்களாம்.

செய்தி பரவி எல்லோரும் வராந்தாவில் கூடிவிட்டார்கள். தாசு ஒரு வழி சொன்னான். "இன்னா நைனா பேஜாரு இது. தமாசுக்கு எழுதிட்டோம், மன்னிச்சுக்கோங்கன்னு ஒரு வார்த்த சொல்லிடு. வர்ற ஆளு டீ குடிச்சுட்டு போயிடும்."

"இன்னா டீ குடுப்ப? இந்த டீயா?" என்றாள் எல்லம்மா.

நைனா தலையை ஆட்டினார். "மன்னிப்பு கேட்டா டீத்தூளு நல்லாக்கீதுன்னு ஆயிடும். அது நல்லா இல்லப்பா."

மனுஷருக்குப் பென்ஷனைத் தவிர வேறு சொத்து கிடையாது. அவர் சொன்னால் சரியாக இருக்கும் என்கிற ஒரு பேச்சுதான் இருந்தது. இப்போது அதில் ஊசியைக் குத்திப் பார்க்க ஆள் வருகிறது. அன்றைக்கு முழுக்க அவர் வீட்டில் ஒரு பொட்டலமும் பிரியவில்லை.

மறுநாள் காலையில் அந்த அதிகாரி வந்தாள். முப்பது வயதுப் பெண், தோளில் பை. நைனா தன் வீட்டு நாற்காலியை வராந்தாவில் போட்டு உட்காரச் சொன்னார். படியில் வலை தைத்துக்கொண்டிருந்தவர்கள் வலையோடு மேலே வந்தார்கள். நான் என் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

அவள் அட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு மரியாதையாகத்தான் கேட்டாள். "சார், இதெல்லாம் ஒருத்தர் எழுதினதுதானே?"

"ஆமாம்மா."

"யாரு எழுதினாங்க?"

நைனாவுக்கு நேர் எதிரே என் கதவு. ஒரு தடவை கண்ணைத் திருப்பினால் போதும், முடிந்தது. அவர் சுவரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், அவள் பையைப் பார்த்தார், என் கதவை மட்டும் பார்க்கவில்லை. அந்நிய மனிதர் எதிரில் எனக்குப் பேச்சு வராது என்று அவருக்குத் தெரியும். மற்றவர்களும் அவரைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள்.

"நீங்க சொல்லலேன்னா நான் என்ன சார் புரிஞ்சுக்கறது?" என்று அவள் அட்டைகளை அடுக்க ஆரம்பித்தாள்.

கதவை நான் எப்போது திறந்தேன் என்று எனக்கு நினைவில்லை. வெளியே நின்றிருந்தேன். "எழுத்து என்னுது. வார்த்த அவங்கவங்களுது" என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசுகிறதுபோல இருந்தது.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு அடுக்கிலிருந்து ஓர் அட்டையை உருவினாள். "சரி. பேரைச் சொல்லாம படிக்கறேன். யாரு சொன்னதுன்னு அவங்களே சொல்லட்டும்." படித்தாள். "ஆறு கிளாஸ் குடிச்சேன். தூக்கந்தான் வந்துச்சு. ஆட்டோ ஓட்டறவனுக்கு இது ஆவாது."

"நான்தாம்மா" என்று தாசு கையைத் தூக்கினான்.

"மூணு நாளு ஐஸுல கெடந்த வஞ்சிரத்துக் கண்ணு கலரு. வாசன, மழையில நனைஞ்ச கோணி."

"நான் சொன்னது. கோணிகூட இதவிட தேவலாம்னு சொன்னேனே, அத்த எழுதலியா?" என்று எல்லம்மா என்னைக் கேட்டாள்.

"எடம் இல்ல" என்றேன்.

அதிகாரி இன்னொன்று எடுத்தாள். "அவரு நல்லாக்கீதுன்னாரு. நான் எத்த குடுத்தாலும் நல்லாக்கீதுன்னுதான் சொல்லுவாரு. அவர நம்பாதீங்க." மூன்றாம் மாடிப் புதுப்பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் வீட்டுக்காரன் வலைக்குள் ஊசியைத் தேடினான். வந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது; அடக்கிக்கொண்டாள்.

அடுத்ததை அவள் மெதுவாகப் படித்தாள். "தூளு நல்ல தூளு. ஈரம் ஏறிக்கீது. பொட்டலம் ஒட்டின எடத்துல காத்து போவுது."

"அது என்னுது" என்றார் நைனா.

அவள் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, ஒட்டின ஓரத்தை நகத்தால் நெருடினாள். நகம் சுலபமாக உள்ளே போய்விட்டது. 

கடைசியில் ஒன்றும் எழுதாத அட்டை ஒன்று கையில் வந்தது. "இதில வெறும் பேருதான் இருக்கு. எழுதாத அட்டைய எதுக்கு அனுப்பினீங்க?"

"அது இவங்களுது, எட்டாம் நம்பரு" என்றார் நைனா. "பொட்டலம் வாங்கிகினாங்க, அப்ப அட்ட திரும்பி வந்தே ஆவணும். ஆனா நாலு தபா கேட்டும் இவங்க ஒண்ணும் சொல்லல. சொல்லாதத நான் எப்டிம்மா எழுதச் சொல்றது?"

ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்த நான் எனக்கு மட்டும் எழுதிக்கொள்ளவில்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. என் கருத்து யாருக்கு வேண்டும் என்று விட்டுவிட்டிருந்தேன்.

எழுதின அட்டைகளை எல்லாம் விட அந்த வெறும் அட்டையைத்தான் அவள் அதிக நேரம் பார்த்தாள். "பொய்யா எழுதறவங்க இதையும் நிரப்பியிருப்பாங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு என்னிடம் திரும்பி, "இப்ப சொல்லுங்கம்மா, டீ எப்படி இருந்துச்சு?" என்றாள்.

வராந்தா முழுக்க என்னைப் பார்த்தது.  "சூடா இருந்துச்சு" என்றேன்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நைனாவைக் காப்பாற்ற வேண்டுமே என்கிற பதற்றத்தில், "அண்ணா ஈரம்னு சொன்னா அது ஈரந்தாம்மா" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

நைனாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எம்பேச்ச நீ எதுக்கு சொல்ற? நான் சொன்னத நான் சொல்லிட்டேன். உன் நாக்குல இன்னா தெரிஞ்சுது, அத்த சொல்லு."

தன் பக்கம் சாட்சி சொல்ல வந்தவளையே தட்டிவைத்த மனுஷரை அந்த அதிகாரி அன்றைக்குத்தான் பார்த்திருப்பாள். நான் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தேன். "குடிச்சு முடிச்சப்பறம் அடி நாக்குல மண்ணு வாசன. மொத மழ பேஞ்சா நம்ம மாடிப்படில வருமே, அந்த வாசன."

"இத்தினி நாளா இத்த எங்க வெச்சிருந்த?" என்றார் நைனா.

அந்தப் பெண் அதைத் தன் கையாலேயே என் அட்டையில் எழுதிக்கொண்டாள். போகும்போது நைனாவிடம், "சார், உங்களை அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றாள். "அத்த வுடும்மா. ஒட்டற மெஷின பாக்கச் சொல்லு" என்றார் அவர்.

பத்து நாள் கழித்துக் கம்பெனியிலிருந்து மன்னிப்புக் கடிதமும், கூடவே பெரிய டீத்தூள் பாக்கெட் ஒன்றும் வந்தன. கடிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார். பாக்கெட்டைத் தபால்காரம்மாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். "இது சாம்பிளு இல்ல, சரக்கு. சரக்கு வாங்கிகினு கருத்து சொல்றவன் நான் இல்ல" என்றார். தபால்காரம்மா அதை மார்போடு அணைத்துக்கொண்டு, தானே வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டுப் பார்த்தார், நடக்கவில்லை.

அன்றிலிருந்து எந்தப் பொட்டலம் வந்தாலும் முதலில் என் கதவுதான் தட்டப்பட்டது. "நீ சொல்லு மொதல்ல" என்பார். ஒன்றும் தோன்றவில்லை என்று சொன்னால் படியிலேயே உட்கார்ந்துவிடுவார். அப்படி உட்கார்ந்து உட்கார்ந்தே என்னைப் பேசவைத்தார். ரேஷன் கடையில் அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, "இது வேணாம், அந்த மூட்டைய பிரிங்க" என்று சொல்கிற அளவுக்கு வந்திருக்கிறேன். இதை எழுதுகிற தைரியமும் அப்படி வந்ததுதான்.

போன பொங்கலுக்கு மகள் வந்து அவரைப் பெரம்பூருக்கு அழைத்துப் போய்விட்டாள். கண்ணில் புரை, படியேற முடியவில்லை. நல்ல வீடு, மகள் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறாள் என்று தாசு போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னான். இங்கே தபால்காரம்மா மூச்சு வாங்காமல் வந்து போகிறார்.

நேற்றுக் கடையில் புதிதாக ஒரு டீத்தூள் பார்த்தேன். வாங்கிவந்து போட்டுக் குடித்தேன். எப்படி இருக்கிறது என்று கேட்டு ஒருவரும் கதவைத் தட்டவில்லை. பெரம்பூர் ஒன்றும் சீமையில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி, நானே போய்ச் சொல்லிவிட்டு வரப்போகிறேன்.